நம் மலையில் நிற்கும் குளோன்களும் 1946இல் வந்த வேட்டைக்காரனும்

 

போன கிழமை பத்தாம் வகுப்பில் குளோன் பற்றிப் பாடம். பிள்ளைகளுக்குக் குளோன் என்றால் இங்கிலிஷ் படம்தான். விண்வெளி நிலையம், அதற்குள் ஒரு குளோன், அதைத் துரத்தித் துரத்தி வேட்டையாடும் வேற்றுக்கிரக ஜந்து. ஜன்னலுக்கு வெளியே பாருங்கள் என்றேன். வெளியே தெரிந்த தேயிலை மலை முழுக்கக் குளோன்தான்.

நம் ஆட்கள் வீ.பி. தேயிலை என்று சொல்வது அதைத்தான். நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஓர் இலையும் சிறு தண்டும் உள்ள துண்டாக வெட்டி, நாற்றுமேடையில் வேர்விடச் செய்வது. விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் தனித்தனிக் குணம். வீ.பி. மலையிலோ பத்தாயிரம் செடி நின்றாலும் உண்மையில் அது ஒரே செடி.

இந்தக் கதையிலும் ஒரு நிலையம் உண்டு. 1925இல் தொடங்கி, பிறகு தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்துக்கு வந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம். டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று நம் கங்காணிமாருக்கும் பழக்கமான நம்பர்கள் அங்கே பிறந்தவை. இவற்றில் பல ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாயின் பிள்ளைகள். அதாவது நம்பர் வேறானாலும் கூடப்பிறந்ததுகள். 1959இல் மீள்நடுகைக்கு அரசாங்க மானியம் வந்த பிறகு மலை மலையாக இவற்றை நட்டார்கள்.

வேட்டைக்காரன் அதற்கு முன்பே வந்துவிட்டான். கொப்புள நோய். ஒரு பூஞ்சணம். 1868இல் அசாமில் கண்டது. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இறங்கியது. காற்றில் வரும் வித்துக்கு விசாவும் வேண்டாம், மண்டபம் முகாமும் வேண்டாம். (இரண்டு வருஷம் கழித்து, 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இங்கேயே பிறந்து கொழுந்து பறித்த சனங்களை அந்நியராக்கியது. பூஞ்சணத்தை யாரும் பதிவுக்குக் கூப்பிடவில்லை.)

அது முற்றின இலையைத் தொடாது. இளங்கொழுந்துதான் வேண்டும். பறிக்கிறவரின் விரல் தேடுகிற அதே இலை. மழையும் மூடுபனியுமாக இலை ஈரமாகவே இருந்தால் வித்து முளைக்கும். முதலில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி. பிறகு இலையின் மேல்பக்கம் குழிந்து, அடியில் வெள்ளைக் கொப்புளம். அதிலிருந்து இலட்சக்கணக்கில் வித்து கிளம்பும். மூன்று நான்கு கிழமையில் அடுத்த சுற்று. கவ்வாத்து வெட்டிய மலை துளிர்க்கும்போது பிடித்தால் செடியே நொந்துபோகும்.

விதைத் தேயிலையில் ஒரு செடி விழுந்தால் பக்கத்துச் செடி தாக்குப்பிடிக்கும். குளோன் மலையில் ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் எதற்குமே இல்லை. கொழுந்து குறைந்தால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரைப் பேர். கம்பெனிக் கணக்கில் நஷ்டம் என்று எழுதப்படுவது லயத்தில் அரிசிக் கணக்கு.

செம்பு மருந்தால்தான் சமாளித்தார்கள். மழைக்காலம் முழுக்க முதுகில் டாங்கியைச் சுமந்து, சறுக்கும் மலையில் மருந்தடித்த ஆண்களைப் பற்றி எந்தத் தேயிலை வரலாற்றிலும் பெரிதாக எழுதியதைக் காணோம். வெயில் படட்டும் என்று நிழல் மரக் கிளைகளையும் மழைக்கு முன்பே தறித்தார்கள். கடும் வெயில் அந்த வித்துக்கு ஆகாது.

இதற்கு முந்திய கோப்பிக் கதையும் இதே மாதிரிதான். 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு தெரிந்தது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, வித்து காற்றில்தான் பரவுகிறது என்று காட்டினார். மலைக்கு மலை ஒரே பயிர் இருந்தால் நோய்க்கு விருந்துதான் என்பதையும் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி போய், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மறுபடியும் மலைக்கு மலை ஒரே பயிர்!

அதனால்தான் ஒரு தோட்டத்தை ஒரே குளோனால் நிரப்பாமல் பல குளோன்களைக் கலந்து நடச் சொல்கிறார்கள். புதிய ரகம் வேண்டுமென்றால் தேட வேண்டிய இடங்களில், விளைச்சல் குறைவு என்று துரைமார் பிடுங்கச் சொல்லும் பழைய விதைத் தேயிலை மலைகளும் உண்டு. உங்கள் தோட்டத்தில் எந்த நம்பர் மலையில் இன்னும் விதைத் தேயிலை நிற்கிறது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.