தீப்பெட்டி ஆபீஸும் சில ஆங்கிலச் சொற்களும்

எங்கள் பக்கத்தில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பட்டாசுக்கும் அப்படித்தான், பட்டாசு ஆபீஸ். "ஆபீஸுக்குப் போறேன்" என்று ஒரு பெண் சொன்னால் வெளியூர்க்காரர் மேசை, நாற்காலி, ஃபைல் என்று நினைத்துக்கொள்வார். அவள் கட்டை அடுக்கப் போகிறாள் என்பது சிவகாசி, சாத்தூர்க்காரர்களுக்குத் தெரியும்.

நமக்கு ஆபீஸும் ஃபேக்டரியும் ஒன்றாகிவிட்டன. சட்டம் எழுதுகிறவர்களுக்கு அப்படி இல்லை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பல பேர் அந்தச் சந்து வழியாகத்தான் வேலைக்குப் போனார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்கு.

பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு அது சோறு போட்ட தொழில். அதை மறுக்க முடியாது. ஆனால் அது கைத்தொழில். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சின்ன விரல்களுக்குச் சீக்கிரம் படிந்துவிடும். கூலியும் எண்ணிக்கைக்குத்தான். ஆகவே ஒரு வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனைக்கும் வேலை இருந்தது.

முதல் ஜோடி, ஃபேக்டரியும் ஒர்க்‌ஷாப்பும். 1948-ஆம் வருடத்து ஃபேக்டரீஸ் சட்டப்படி, கரண்ட் உள்ள இடத்தில் 10 பேர், கரண்ட் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது ஃபேக்டரி என்று இருந்தது. 19 பேர் உட்கார்ந்து கையால் அடுக்கினால் பொதுவாக அந்தச் சட்டம் எட்டிப் பார்த்ததில்லை. அதற்கும் முன்னால், 1938-லேயே, சிறுவர் வேலைச் சட்டம் என்று ஒன்று வந்தது. தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு மூன்றையும் பட்டியலில் சேர்த்து, அந்த ஒர்க்‌ஷாப்புகளில் 12 வயது நிரம்பாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. பின்னால் அது 14 வயது ஆனது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு: கூலியாள் வைக்காமல், குடும்பத்தார் மட்டும் சேர்ந்து செய்கிற இடத்துக்கு இந்தத் தடை கிடையாது.

இரண்டாவது ஜோடி, சைல்டும் அடோலசன்டும். நாம் இரண்டையும் "சின்னப் பிள்ளை" என்று முடித்துவிடுவோம். 1948 சட்டத்தில் 15 வயது நிரம்பாதவர் சைல்ட், 15 நிரம்பி 18 வரை அடோலசன்ட். 14 நிரம்பாதவரை உள்ளே விடவே கூடாது என்றது அது. 14-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பவர், டாக்டர் சான்றிதழோடு நாளுக்கு நாலரை மணி நேரம் வேலை பார்க்கலாம் என்று இருந்தது. 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலோ சைல்ட் என்றால் 14 நிரம்பாதவர் மட்டும். ஆக, பதினாலரை வயதுப் பெண் ஒரு சட்டத்தில் குழந்தையாக இருந்தாள், இன்னொன்றில் குழந்தையாக இல்லை.

அந்த 1986 சட்டத்தின் பெயரிலேயே அடுத்த ஜோடி இருக்கிறது: ப்ரொஹிபிஷன், ரெகுலேஷன். ஒன்று அடியோடு தடுப்பது, மற்றது செய்யலாம் ஆனால் முறையோடு செய் என்பது. தீப்பெட்டியும் பட்டாசும் தடைப் பட்டியலில்தான் இருந்தன. அப்போதும் குடும்பத்தோடு செய்கிற ஒர்க்‌ஷாப்புக்கு அந்தப் பழைய விலக்கு அப்படியே தொடர்ந்தது.

பிறகு வக்கீல் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1990 அக்டோபர் 31-இல் தீர்ப்பு வந்தது. தீப்பெட்டி, பட்டாசு மேனுஃபேக்சரிங்கில் பிள்ளைகள் நேரடியாக ஈடுபடக் கூடாது. பேக்கிங்கில் வைக்கலாம், ஆனால் அது உற்பத்தி நடக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்றது கோர்ட். வெடிக்கிற இடத்திலிருந்து பிள்ளைகளை விலக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அது. ஆனால் 1948 சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மேனுஃபேக்சரிங் பிராசஸ் என்பதற்கு அது தருகிற விளக்கத்துக்குள்ளேயே பேக்கிங் என்ற சொல்லும் இருக்கிறது! இதை முதலில் படித்தபோது கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

அதே வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு கடுமையானது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை காட்ட வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளையின் கூலியை நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேட்ட தீர்ப்பு என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை.

கடைசி ஜோடி 2016 திருத்தத்தில் வந்தது: ஒர்க், ஹெல்ப். இப்போது 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது. வெடி, தீப்பற்றும் பொருள் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு 18 வரை கூடாது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளை "ஹெல்ப்" செய்யலாம்.

இதைப் படித்ததும் எங்கள் தெருவில் இருந்த ஒரு அக்கா ஞாபகம் வந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டார். விடிவதற்கு முன் தெருமுனையில் ஆபீஸ் பஸ் ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஓடுவார். சாயங்காலம் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார். போன பொங்கலுக்குப் பார்த்தபோது, "எத்தனை வயசுல வேலைக்குப் போனீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"பஸ் ஏறுனது பத்து வயசுல தம்பி. அதுக்கு முன்னால வேலையெல்லாம் இல்ல, அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை, அவ்வளவுதான்" என்றார்.

"அது எத்தனை வயசுல?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அஞ்சு என்றார்.