வெளியில காயமே இல்லை... உள்ளே கல்லீரல் கசியுதா? சி.டி ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கும்?

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல இருக்கிற மேல்சித்தாமூர் பக்கம் பைக்கில் வர்றீங்கன்னு வெச்சுக்கோங்க. திடீர்னு குறுக்கே ஓர் ஆடு. சறுக்கி விழும்போது ஹேண்டில்பார் முனை வலது விலாவுக்குக் கீழே ஒரே குத்து. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, 'ஒண்ணும் ஆகல'ன்னு கிளம்பிடுவீங்க. பிரச்னையே அங்கேதான்!

அந்த விலாவுக்குப் பின்னாடி இருப்பது கல்லீரல். நிமிடத்துக்குச் சுமார் 1.5 லிட்டர் ரத்தம் ஓடுற உறுப்பு. தோல் கிழியாமலே அது கிழியலாம். இளம் வயதினரின் உடல் ரத்த இழப்பைக் கொஞ்ச நேரம் சமாளிக்கும் என்பதால், ஆரம்பத்தில் பி.பி நார்மலாகவே காட்டும். வலது தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், படபடப்பு இருந்தா உஷாராகிடுங்க.

பி.பி இறங்கிட்டா, படுக்கையிலேயே அல்ட்ராசவுண்டு பார்த்துவிட்டு நேரா ஆபரேஷன் தியேட்டர்தான். நிலையா இருப்பவர்களுக்குத்தான் சி.டி. கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி, சுமார் 30 விநாடியில் ஒரு படம், 70 விநாடியில் இன்னொரு படம் எடுப்பாங்க. கிழிசல் 3 செ.மீ-க்கு மேல் ஆழமா, ரத்தம் எவ்வளவு தேங்கியிருக்குன்னு பார்த்து 1 முதல் 5 வரை கிரேடு போடுவாங்க.

ஆனா, கிரேடு மட்டும் முழுக்கதையும் சொல்லாது. டாக்டர் தேடுறது ஒரு வெள்ளைப் புள்ளியை. ரத்தக்குழாயை விட்டு மருந்து வெளியே கசிஞ்சா அப்படித் தெரியும். இரண்டாவது படத்தில் அந்தப் புள்ளி பெரிதானால், ரத்தம் இப்பவும் ஓடுதுன்னு அர்த்தம். அளவு மாறாம மங்கிட்டா, குழாய்ச் சுவர் பலூன் மாதிரி புடைச்சிருக்கலாம்; அது பின்னாடி வெடிக்கலாம். இரண்டுக்குமே தொடை அல்லது மணிக்கட்டு வழியா மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியுற இடத்தை அடைக்க முடியும். வயிற்றைத் திறக்கணும்னு இல்லை. சொல்லப்போனா, இந்தக் காயம் பட்ட பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனே தேவைப்படுறதில்லை, கண்காணிப்பே போதும்.

அதனால வயிற்றில் பலமா அடிபட்டா எதையும் சாப்பிடாம 108-க்கு கூப்பிடுங்க. 'வயித்துல குத்திடுச்சு'ன்னு மறக்காம சொல்லுங்க. செலவை நினைச்சுத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில், மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் கிரிக்கெட், ஜிம் எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் கூடாது. ரத்த வாந்தி, கறுப்பு மலம், மஞ்சள் கண், திடீர் வயிற்றுவலி... இதில் எது வந்தாலும் அன்னிக்கே திரும்பப் போயிடணும்.