மேற்பார்வையும் கூட்டமும்: புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கான குழு உடற்பயிற்சியை எதைக்கொண்டு அளப்பது?

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் கட்டியோடு அக்குளிலுள்ள நிணநீர்க்கணுக்களையும் அகற்ற நேர்வதுண்டு. கணுக்கள் போன பக்கத்தில் நிணநீர் வடியும் பாதை குறுகிவிடுவதால் சிலருக்குக் கை வீங்குகிறது. மோதிரமும் சட்டைக் கையும் இறுகுவதில் தொடங்கி, தோல் தடித்து, அடிக்கடி கிருமித்தொற்று வரும் நிலைவரை அது போகலாம்; வந்துவிட்டால் முற்றாகத் தீர்வது அரிது. இந்த அச்சத்தால், அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது பல பத்தாண்டுகளாக மாறாத அறிவுரையாக இருந்தது. கடைப்பையையும் பயணப்பெட்டியையும் மட்டுமல்ல, பெற்ற குழந்தையையும் தூக்கத் தயங்கினார்கள் பெண்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சரியாகச் சோதித்துப் பார்த்தவர்தாம் இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி, 1996இல் வான்கூவரில் இந்தச் சிகிச்சை முடித்த 24 பெண்களைத் திரட்டி டிராகன் படகு வலிக்கப் பயிற்சி கொடுத்தார். மேற்கையை மீண்டும் மீண்டும் முழு வலுவோடு இயக்கவைக்கும் விளையாட்டைத் தேடித்தான் அவர் படகுக்கு வந்தார். ஒருவருக்கும் புதிதாகக் கைவீக்கம் வரவில்லை என்று 1998இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். அந்தப் பெண்கள் கலைந்து போகாமல் அணியாகவே நீடித்தார்கள்; அவர்களைப் பார்த்து உலகின் பல நாடுகளில் அணிகள் கிளம்பின.

இருபத்து நான்கு பேரை வைத்து, ஒப்பிட மறுதரப்பே இல்லாமல் செய்த ஒரு முயற்சி எதையும் நிறுவிவிடாது. விதிவிலக்கு இல்லாததுபோல் சொல்லப்பட்ட ஒரு தடையைச் சந்தேகிக்க மட்டுமே அது போதும். நிறுவும் வேலையைச் செய்தது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்த சமவாய்ப்புச் சோதனை. அதில் யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பிரிவினர், ஊரிலுள்ள சாதாரண உடற்பயிற்சிக் கூடங்களில் சிறு குழுக்களாக வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். முதல் 13 வாரம் பயிற்றுநர் அருகில் இருந்தார். ஆண்டின் மீதிக் காலம் அவர்களே செய்தார்கள். ஆரம்பத்தில் எடையே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்த பாரம்தான். கையில் மாற்றம் ஏதும் தென்படாவிட்டால் மட்டும், கூடத்தில் கிடைப்பதிலேயே மிகச் சிறிய அளவாகப் பாரம் கூட்டப்பட்டது. ஓராண்டு முடிவில் வீக்கம் கூடியோரின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே: எடை தூக்கியவர்களில் நூற்றுக்கு 11, தூக்காதவர்களில் 12. வீக்கம் திடீரென மோசமடைந்தவர்களைக் கணக்கெடுத்தபோதுதான் வியப்பு. தூக்கியவர்களில் அது நூற்றுக்கு 14, தூக்காதவர்களில் 29. 2009இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் வெளிவந்த இந்த முடிவு பழைய தடையின் வேரையே அசைத்தது.

அதே ஆய்வாளர் அடுத்துச் செய்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. என் வாதம் அங்கிருந்தே தொடங்குகிறது. கூடத்துக்கு வரச்சொன்னால் எல்லோராலும் வர இயலாது, வீட்டிலேயே செய்யவைத்தால் அதிகம் பேரைச் சென்றடையலாமா என்பது இயல்பான அடுத்த கேள்வி. உடல் எடை மிகுந்து கைவீக்கமும் கொண்ட 351 பெண்களிடம் வீட்டு உடற்பயிற்சியையும் எடைக்குறைப்பையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஓராண்டு சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கைவீக்கத்தில் எந்தப் பிரிவிலும் முன்னேற்றம் இல்லை. நோய் அதுவே, ஆய்வுத் தலைவரும் அவரே, பயிற்சியும் பெரும்பாலும் அதே வகை. இடம் மாறியது, பயிற்றுநரின் கண்ணும் உடன் பயில்வோரும் விலகினார்கள், பலனும் போயிற்று. இரண்டு சோதனைகளிலும் கலந்துகொண்ட பெண்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர், முக்கியமாக உடல் எடையில். ஆகவே இதை நேருக்கு நேரான ஒப்பீடாகக் கொள்ள முடியாது. ஆனாலும் உடற்பயிற்சியை மருந்துச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணத்துக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை. மீண்டோருக்கான குழுப் பயிற்சியை மனத்துக்கு இதமளிக்கும் கூடுதல் வசதி என்றோ, ஆயுளை நீட்டும் மருந்து என்றோ ஆதரிப்பது வலுவான வழி அன்று. சரியான பயிற்சி, சரியான அளவில், நீண்ட காலம் நடப்பதற்கு அது ஒரு நிபந்தனை என்று ஆதரிப்பதே ஆதாரங்களோடு பொருந்தும்.

இங்கே ஒரு தடை எழும். ஃபிலடெல்ஃபியாவில் பலன் தந்தது பயிற்றுநரின் மேற்பார்வைதான், சக நோயாளிகளின் கூட்டம் அல்ல என்று ஏன் சொல்லக் கூடாது? நியாயமான கேள்விதான். 34 சோதனைகளின் தரவுகளை, 4,519 நோயாளிகளை ஒவ்வொருவராகக் கணக்கில் கொண்டு 2017இல் வெளிவந்த போலாரிஸ் பகுப்பாய்வில், உடற்பயிற்சி வாழ்க்கைத்தரத்தையும் உடல் இயக்கத்தையும் சிறிய அளவிலேனும் உறுதியாக மேம்படுத்தியது. மேற்பார்வையோடு செய்யப்பட்டபோது பலன் கூடுதலாக இருந்தது. மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் குழுவையும் தனிப் பயிற்சியையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றோ, குழுவுக்குத் தனிச் சிறப்பு இருப்பதாகக் காணவில்லை. இந்த இரண்டையும் மறைத்துவிட்டுக் குழுவுக்காக வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் மேற்பார்வை வானத்திலிருந்து இறங்குவதில்லை. அதற்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். ஒரு பயிற்றுநர் ஒருவருக்கே ஓராண்டு முழுக்க நேரம் ஒதுக்குவது எந்தப் பொதுச் சுகாதார அமைப்புக்கும் கட்டுப்படியாகாது. அவரே ஐந்தாறு பேரை ஒருங்கே கவனித்தால் கணக்கு மாறிவிடுகிறது. அதாவது மேற்பார்வையும் கூட்டமும் ஆய்வுத் தாளில்தான் இரண்டு மாறிகள். நடைமுறையில் முன்னதற்குப் பணம் கட்டுவது பின்னது. இதற்கு மேலும் ஒன்று உண்டு. டிராகன் படகில் பத்துப் பத்துப் பேராக இரண்டு வரிசை; முன்னால் மேளம், பின்னால் சுக்கான். ஒருத்தி துடுப்பைத் தாமதமாக நீரில் இறக்கினால் அது அடுத்தவள் துடுப்போடு மோதும். முந்தி இறக்கினாலும் அப்படியே. தன் கையை எவ்வளவு நம்பலாம் என்ற தயக்கத்தை அந்தத் தாளம் அவளிடமிருந்து பறித்துவிடுகிறது. எந்தப் பயிற்றுநரும் சொல்லால் இதைச் செய்துவிட முடியாது.

ஐரோப்பாவில் நடந்த மூன்று பெரிய குழுச் சோதனைகளை அருகருகே வைத்தால் ஒரு விசித்திரமான ஒற்றுமை தெரிகிறது. கிளாஸ்கோவில் நானெட் மியூட்ரியும் சகாக்களும், சிகிச்சையிலிருந்த ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 203 பேரிடம் 12 வாரக் குழுப் பயிற்சியைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். 12 நிமிடத்தில் நடக்கும் தூரம் ஒப்பீட்டுப் பிரிவைவிட 129 மீட்டர் கூடியது. தோள் அசைவும் மனநிலையும் தேறின. பொதுவான வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாத்தாளில் மட்டும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. கோப்பன்ஹேகனில் லிஸ் ஆடம்சென் குழுவினர், 21 வகைப் புற்றுநோய்களுக்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 269 பேரில் ஒரு பிரிவினருக்கு, கடும் பயிற்சியை உள்ளடக்கிய திட்டத்தை ஆறு வாரம், வாரம் ஒன்பது மணி நேரம் நடத்தினார்கள். கீமோதெரபியின்போது ஓய்வே நல்லது என்று நம்பிய தலைமுறைக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். 2009இல் வந்த முடிவில் களைப்பு குறைந்திருந்தது, தசை வலு கூடியிருந்தது. ஒட்டுமொத்த உடல்நிலை, வாழ்க்கைத்தரம் என்ற அளவுகோல் அசையவில்லை. டென்மார்க்கிலேயே, புராஸ்டேட் புற்றுநோய் கண்ட 214 ஆண்களில் ஒரு பிரிவினரை உள்ளூர்க் கால்பந்துக் கழகங்களில் ஆடவைத்த சோதனை 2019இல் வெளிவந்தது. வாழ்க்கைத்தரமே அதன் முதன்மை அளவீடு. அதில் வேறுபாடு இல்லை. இடுப்பெலும்பின் அடர்த்தியும் மனநலக் குறியீடும் மட்டும் பிந்தைய அளவீடுகளில் சற்று மேம்பட்டிருந்தன.

மூன்று தோல்விகள் என்று இவற்றை வாசிக்கலாம். அவசரமான வாசிப்பு அது. கிளாஸ்கோ பயன்படுத்தியது போன்ற பொது வினாத்தாள்கள் கேட்பது குமட்டலை, குடும்பத்தின் ஆதரவை, தூக்கத்தை, சாவைப் பற்றிய கவலையை. வாரம் இருமுறை பந்து உதைப்பதால் ஒருவருடைய மண வாழ்க்கை சீராகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குழு எதை மாற்ற வல்லதோ அதை அளந்த இடங்களில், நடையில், வலுவில், களைப்பில், மாற்றம் தெரிகிறது. அம்பு விழுந்த இடத்தில் போய் வட்டம் வரைகிறீர்கள் என்று புள்ளியியலாளர் சிரிப்பார். தனி ஒரு சோதனையை வைத்து இப்படிப் பேசினால் அவர் சிரிப்பது சரிதான். ஆனால் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு நோயாளிகளிடம், வெவ்வேறு பயிற்சிகளில் இதே அமைப்பு திரும்பத் திரும்ப வரும்போது தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். இதற்கு மாறான சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒய்எம்சிஏ கூடங்களில் நடக்கும் லிவ்ஸ்ட்ராங் திட்டத்தை 186 பேரிடம் சோதித்தபோது, 12 வாரத்தில் வாழ்க்கைத்தரமே மேம்பட்டது. வாரம் 150 நிமிடப் பயிற்சியை எட்டியோர் திட்டத்தில் நூற்றுக்கு 71, மறுபிரிவில் 26. அந்த மறுபிரிவினர் தங்கள் முறை வரும்வரை காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்கள். சேர விரும்பி வந்து, கொஞ்சம் பொறுங்கள் என்ற பதிலைக் கேட்டவர்கள் தங்கள் வாழ்க்கைத்தரத்துக்கு உயர்ந்த மதிப்பெண் போடமாட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. உடற்பயிற்சி நிமிடக் கணக்கை அதைவிட அதிகமாக நம்புகிறேன், அதுவும் அவர்களே சொன்ன கணக்குதான் என்றாலும்.

குழுவின் பெயரால் அளவுக்கு மீறி உரிமை கோரினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறைக்கு அருகிலேயே பாடம் இருக்கிறது. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை வைத்து, மனநல ஆதரவுக் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்ததாக டேவிட் ஸ்பீகல் 1989இல் லான்செட் ஏட்டில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. பமெலா குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் அதையே சோதித்து 2001இல் வெளியிட்டபோது ஆயுள் கூடவில்லை; மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. இந்த இரண்டாவது பலன் சிறியதன்று. ஆனால் ஆயுளைக் கூட்டும் என்ற வாக்குறுதி உடைந்ததும் அதையும் சேர்த்துத் தூக்கியெறிந்தவர்கள் பலர். இன்று அதே கவர்ச்சி உடற்பயிற்சியைச் சுற்றி எழுந்துள்ளது, இம்முறை வலுவான அடித்தளத்தோடு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், 55 மையங்களில் சேர்த்து நடந்த சேலஞ்ச் சோதனை 2025 ஜூனில் வெளிவந்தது. மூன்றாண்டுப் பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் ஐந்தாண்டு நோயின்றி வாழ்ந்தோர் நூற்றுக்கு 80.3, உடல்நலக் கையேடு மட்டும் பெற்றவர்களில் 73.9. எட்டாண்டில் உயிரோடிருந்தோர் 90.3, மறுபிரிவில் 83.2. ஒரு மருந்து இந்த எண்களைக் காட்டியிருந்தால் அதன் விலையை நாம் ஊகிக்கலாம்.

ஆனால் சேலஞ்ச் ஒரு குழுத் திட்டம் அன்று. பயிற்சிப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் ஆலோசகர் இருந்தார். அந்த ஆலோசகர் நோயாளியோடு அமர்ந்து பேசி, அவரவருக்கு ஏற்ற பயிற்சியைத் தேர்ந்து, மூன்றாண்டு தொடர்பு விடாமல் நடத்தினார். வேகநடை போதும் என்றால் வேகநடை. இந்த முடிவைக் குழுப் பயிற்சியின் வெற்றியாகக் காட்டும் துண்டறிக்கைகள் வரத்தான் போகின்றன. அவை தவறு. அந்தச் சோதனை குழுவைப் பற்றிச் சொல்வது மறைமுகமானது, எனினும் முக்கியமானது. பலன் கிடைத்த இடத்தில் நோயாளி தனித்து விடப்படவில்லை. கையேடு பெற்றவர்தான் தனித்து விடப்பட்டார். ஆலோசகர் ஒருவர் மூன்றாண்டு செய்ததை ஓர் அணி செய்துவிடுமா என்பது திறந்த கேள்வி. கிளாஸ்கோ பெண்களை ஐந்தாண்டு கழித்துத் தேடிப்போனபோது, குழுவில் பயின்றவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்ததாகத் தெரிந்தது. ஆனால் அப்போது திரும்பி வந்தவர்கள் 87 பேர்தாம். வராத நூற்றுக்கும் மேற்பட்டோரை நினைத்துப் பார்த்தால் அந்தச் செய்தியை அடக்கமாகத்தான் சொல்லவேண்டும்.

தீங்கு என்ற தலைப்பைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இல்லை என்பதால் அல்ல, தெளிவாக இருப்பதால். சேலஞ்சில் தசை, எலும்பு, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 18.5, மறுபிரிவில் 11.5. ஆண்மை ஹார்மோனை அடக்கும் சிகிச்சையால் எலும்பு இளைத்த ஆண்களைக் கால்பந்து ஆடவைத்தபோது எலும்பு முறிவும் நேர்ந்தது. இவை மறைக்க வேண்டியவை அல்ல, சேரும்முன் சொல்லவேண்டியவை. இதைவிட எனக்குக் கவலை தருவது குழு யாரை வெளியே நிறுத்துகிறது என்பது. இச்சோதனைகள் நடந்தவை வசதியான நாடுகளின் நகரங்களில். வேலைக்கு விடுப்புப் போட முடியாதவர், பேருந்து இல்லாத ஊர்க்காரர், கூட்டமென்றாலே ஒதுங்குபவர், மார்பிழந்த உடலோடு உடைமாற்றும் அறைக்குள் நுழையக் கூசுபவர் ஆகியோர் சோதனைக்கு வரும்முன்பே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். குழுவின் வெற்றி விகிதம் வந்தவர்களின் விகிதம். வீட்டுப் பயிற்சி பலனற்றது என்று 2019 ஆய்வைக் காட்டி இவர்களைக் கைவிட்டால், என் வாதத்தையே தவறான இடத்துக்கு இழுத்துச் சென்றதாகும். தொலைபேசியிலோ காணொளியிலோ பயிற்றுநரும் நாலைந்து பேரும் சேர்ந்து பயிலும் இடைவழியை, கைவீக்கம் போன்ற கறாரான அளவீட்டைக்கொண்டு, கூடத்துக் குழுவோடு நேருக்கு நேர் சோதிக்கவேண்டும்.

காலக்கணக்கு பற்றியும் ஒரு முரண் தீர்க்கப்படாமல் நிற்கிறது. கிளாஸ்கோ, ஒய்எம்சிஏ திட்டங்கள் 12 வாரம், கோப்பன்ஹேகன் ஆறு. 2018இல் கூடிய பன்னாட்டு வல்லுநர் அவை களைப்பு, மனச்சோர்வு, உடல் இயக்கம் ஆகியவற்றுக்குப் பரிந்துரைத்ததும் இந்த அளவை ஒட்டியதுதான்: வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம். களைப்பைக் குறைக்க அது போதும். ஆயுள் பற்றிய ஒரே வலுவான சான்றோ மூன்றாண்டு நீண்ட திட்டத்திலிருந்து வருகிறது. மருத்துவமனையின் நிதி 12 வாரத்தில் தீரும்போது அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்தவர் எங்கே போவார்? டென்மார்க் ஆய்வாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். அவர்கள் மருத்துவமனை வளாகத்தில் புல்தரை தேடாமல் ஏற்கெனவே ஊரில் இருந்த கழகங்களிடம் போனார்கள். அங்கே சோதனை முடிந்தாலும் மைதானம் இருக்கும், அடுத்த ஆட்டத்துக்கு நாள் குறித்திருக்கும். எனவே திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவோர் முதலில் கேட்கவேண்டியது பதின்மூன்றாவது வாரத்துச் செலவு யார் பொறுப்பு என்பதை.