நான்கு பவுண்டு வரியும் மூன்று சக்கரமும்

மிஸ்டர் பீன் பார்த்தவர்களுக்கு அந்த நீல நிற மூன்று சக்கர வண்டி ஞாபகம் இருக்கும். பீனின் மினி குறுக்கே வரும்போதெல்லாம், பாவம், குடை சாய்ந்துவிடும். அது ரிலையன்ட் ரீகல். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வளைவில் பிரேக் பிடித்தால் எடை முன்மூலைக்குப் பாயும், அங்கே தாங்கிக்கொள்ளச் சக்கரம் இல்லை. நான் சொல்ல வந்த மோர்கன் இதற்குத் தலைகீழ். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பிரிட்டனில் ஒன்று கேலிப்பொருளாகவும் இன்னொன்று பந்தய வண்டியாகவும் ஆனதில் இந்த வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எச்.எஃப்.எஸ். மோர்கன் ஒரு பாதிரியாரின் மகன். ஸ்விண்டன் ரயில்வே பட்டறையில் தொழில் கற்றவர். மால்வெர்ன் லிங்க் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளுக்காக வாங்கிய பூஷோ எஞ்சினை 1909இல் ஒரு மூன்று சக்கரச் சட்டத்தில் பொருத்தினார். மால்வெர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் தன் பட்டறையைக் கொடுத்து உதவினார், அப்பா பணம் கொடுத்தார். 1910இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்தபோது ஸ்டீரிங் வீல் கிடையாது, படகுத் துடுப்பு மாதிரி ஒரு கைப்பிடிதான். ஒருவர் மட்டுமே உட்காரலாம். யார் வாங்குவார்கள்? அடுத்த வருடம் இரண்டு இருக்கை வந்தது, ஹாரோட்ஸ் கடையின் கண்ணாடிச் சன்னலில் கார் ஏறியது.

1913இல் பிரான்சின் அமியான் நகரில் சைக்கிள்கார் பந்தயம். மெக்மின்னிஸ் ஓட்டிய மோர்கன் முதலில் வந்தது. மூன்று சக்கரம் என்றால் அது காரே இல்லை, சைட்கார் வகை என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிவிட்டு, பரிசை நான்கு சக்கர பெடேலியாவுக்குக் கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயம், அதே வாதம் இங்கிலாந்தில் மோர்கனுக்குச் சாதகமாக வேலை செய்ததுதான். 1921 முதல் அங்கே கார்களுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு ஆண்டு வரி. எட்டு அந்தர், அதாவது சுமார் 400 கிலோவுக்குள் இருக்கும் மூன்று சக்கர வண்டிக்கு வெறும் நான்கு பவுண்டு. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் எட்டு பவுண்டு கட்ட வேண்டும். மலிவான சைக்கிள்கார்களை அந்தக் குட்டி ஆஸ்டின் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. மோர்கன் மட்டும் வரிச் சந்துக்குள் புகுந்து பிழைத்தது.

எடை குறைவு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வி-ட்வின் எஞ்சின், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. வரிக்காகச் செய்த சிக்கனம் வேகமாக மாறியது. 1924இல் புரூக்லாண்ட்ஸில் ஒரு மோசமான விபத்து நடந்து, கார்களோடு சேர்ந்து பந்தயத்தில் ஓடத் தடை வந்தது. சாதனைகள் நிற்கவில்லை. பாரிஸ் பக்கத்தில் மோன்லெரி வளையத்தில் குவெண்டா ஹாக்ஸ் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டினார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர், அரபுப் படையை நடத்திய குளப் பாஷாவின் அக்கா. இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

1935இல் குதிரைத்திறன் வரி குறைந்தது. மறு வருடமே மோர்கன் நான்கு சக்கரத்தில் 4/4 விற்கத் தொடங்கியது. வரி இறங்கியதும் மூன்றாவது சக்கரத்தின் காரணமும் இறங்கிவிட்டது. மூன்று சக்கர வண்டி 1952 வரை இழுத்து, நின்றது.

அப்புறம் ஏன் 2011இல் மறுபடி? ஜெனீவா கண்காட்சியில் அதே உருவம், கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் அமெரிக்க வி-ட்வின், மஸ்தா கியர்பாக்ஸ். விலை சுமார் 30,000 பவுண்டு. காசில்லாதவன் வாங்கிய வண்டி, வீட்டில் ஏற்கெனவே கார் வைத்திருப்பவன் வாங்கும் வண்டியாகிவிட்டது. பழைய நினைவு ஏக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1930களை வாழ்ந்து பார்த்தவர்களா இதை வாங்கினார்கள்? இந்த வண்டியில் எதுவும் ஒளிந்திருக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்சக்கரம் குழியில் ஏறி இறங்குவது தெரியும். முன்னிரண்டைச் சாமர்த்தியமாகக் குழிக்கு இருபுறமும் விட்டு ஓட்டினால், நடுவில் வரும் பின்சக்கரம் நேராக அதில் விழும். முதுகெலும்பு சொல்லும்.

2022இல் வந்த சூப்பர் 3-இல் மூன்று சிலிண்டர் ஃபோர்டு எஞ்சின். மாசு விதிகள் அப்படி. நல்ல வண்டிதான் என்கிறார்கள். ஆனால் எஞ்சின் இப்போது உள்ளே போய்விட்டது.