மைலுக்காகப் பறந்தவர்கள்

மக்கள் எதற்காகப் பயணம் செய்கின்றனர் என்று வினவினால், மாணவர்கள் உடனே விடை கூறிவிடுவர். வாணிகத்தின் பொருட்டுச் செல்வோர் உண்டு. கல்வியின் பொருட்டுச் செல்வோர் உண்டு. திருத்தலங்களை வணங்கவும், உற்றாரைக் காணவும், புதிய நாடுகளைக் கண்டு மகிழவும் செல்வோர் உண்டு. இவற்றுள் எதனிலும் அடங்காத ஒருவகைப் பயணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் தோன்றிற்று. காலையில் நியூயார்க் நகரில் ஒருவர் விமானம் ஏறுகிறார். ஒரு பெருங்கண்டத்தையே குறுக்காகக் கடந்து லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறங்குகிறார். ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதில்லை. ஒரு கோப்பைக் காப்பி அருந்திவிட்டு, அடுத்த விமானத்திலேயே நியூயார்க்குக்குத் திரும்பிவிடுகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு அலுவல் இல்லை, நண்பர் இல்லை, காண விரும்பிய காட்சியும் இல்லை. அவர் விரும்பியது இடையே கடந்த மைல்களை மட்டுமே. இதனை அந்நாட்டார் ‘மைலேஜ் ரன்’ என்று வழங்குவர். நாம் மைலுக்காகப் பறத்தல் என்று சொல்லலாம்.

செல்வம் மிகுந்தோரின் பித்து என்று இதனை ஒதுக்கிவிடத் தோன்றும். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்த பழக்கத்தால் எனக்கு அப்படி ஒதுக்க மனம் வருவதில்லை. ஒரு பித்து ஏன் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றியது, ஏன் அதற்கு முன்னர்த் தோன்றவில்லை, பின்னர் ஏன் தளர்ந்தது என்று கேட்டால், பித்துக்கும் காரணம் கிடைக்கும். இப்பித்துக்குரிய காரணம் ஒரு சட்டத்தில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே விமானப் போக்குவரத்து அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எந்த நிறுவனம் எந்த ஊருக்கு விமானம் விடலாம் என்பதையும், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையும் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு என்னும் அரசு வாரியமே வரையறுத்தது. கட்டணம் பெரும்பாலும் தொலைவை ஒட்டியே அமைந்தது. நெடுந்தொலைவு செல்வோர் மிகுந்த பணம் கொடுத்தனர். அருகிலுள்ள ஊருக்குச் செல்வோர் குறைந்த பணம் கொடுத்தனர். விலையைக் குறைத்துப் பயணிகளை ஈர்க்கும் உரிமை நிறுவனங்களுக்கு இல்லாமையால், அவை உணவிலும் உபசரிப்பிலுமே போட்டியிட்டன. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பெரிய 747 விமானங்களில் பியானோ வைத்திருந்தது என்றால், அப்போட்டி எவ்வளவு தூரம் சென்றது என்பதை அறியலாம்.

1978 அக்டோபர் 24-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் ஒரு புதிய சட்டத்தில் கையொப்பமிட்டார். கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசு வரையறுக்கும் முறை படிப்படியாக நீங்கியது. வாரியமே 1984-ஆம் ஆண்டின் முடிவோடு கலைக்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் மலிந்த கட்டணத்தோடு களத்தில் இறங்கின. பழைய நிறுவனங்களும் காலியாகப் பறக்கும் இருக்கைகளை நிரப்பும் பொருட்டு விலையைக் குறைத்தன. இதனால் நேர்ந்த ஒரு மாறுதலை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். தொலைவுக்கும் விலைக்கும் இடையே இருந்த பழைய உறவு அறுந்துபோயிற்று. 300 மைல் தொலைவிலுள்ள சிற்றூருக்கு மிகுந்த கட்டணமும், 2,500 மைல் தொலைவிலுள்ள பெருநகருக்கு அதனினும் குறைந்த கட்டணமும் இருக்கலாம் என்ற நிலை வந்தது. இந்த இடைவெளியே நம் கதையின் விளைநிலம்.

கட்டணம் குறைந்தால் பயணிகள் இன்று ஒரு நிறுவனத்தையும் நாளை மற்றொன்றையும் நாடுவர். அவர்களை நிறுத்திவைப்பது எப்படி? 1979-இல் டெக்சஸ் இன்டர்நேஷனல் என்னும் நிறுவனம் மைல் கணக்கில் பரிசு வழங்கும் முறையைத் தொடங்கியது. ஆயினும் அதனைப் பேரளவில் நிலைநிறுத்தியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் நாள் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டமே. அந்நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் கிராண்டால். அவர் கையில் மற்றவர்க்கு எளிதில் வாய்க்காத ஒரு கருவி இருந்தது. 1953-இல் அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சி. ஆர். ஸ்மித் என்பவரும், ஐ.பி.எம். கம்பெனியைச் சார்ந்த பிளேர் ஸ்மித் என்பவரும் ஒரு விமானத்தில் அருகருகே அமர நேர்ந்தது. அந்த உரையாடலில் வித்தூன்றிய ‘சேபர்’ என்னும் கணிப்பொறி முன்பதிவு முறை 1964-இல் முழு இயக்கத்திற்கு வந்தது. பயணிகளின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் பதிவாகியிருந்தன. திரும்பத் திரும்ப வந்த தொலைபேசி எண்களைத் தேடி எடுத்து, அவ்வெண்ணுக்குரியோரையே திட்டத்தின் முதல் உறுப்பினராக்கினர். கணக்கு எழுதும் பொறி இல்லையேல் இத்திட்டமும் இல்லை. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் தன் திட்டத்தை அறிவித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மற்றவையும் பின்தொடர்ந்தன.

பறந்த மைல்களைச் சேர்த்தால் ஒரு பயணச்சீட்டு இலவசம் என்பதே முதலில் இருந்த ஏற்பாடு. இலவசச் சீட்டுக்காக மட்டும் யாரும் வீணே பறந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஒரு சீட்டின் விலையை இன்னொரு சீட்டின் விலையோடு ஒப்பிட எவருக்கும் தெரியும். மக்களைத் தேவையில்லாத விமானத்தில் ஏற்றியது பின்னர் வந்த தகுதிப் படிநிலையே. அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரு நிறுவனங்களிலும் நெடுங்காலம் ஓராண்டில் 25,000 மைல் பறந்தவர்க்கு முதற்படி. 50,000 மைலுக்கு அடுத்த படி. 100,000 மைலுக்கு அதற்கும் மேற்பட்ட படி. படி உயர உயர, வரிசையில் முதலில் அழைக்கப்படுவர். இடமிருந்தால் கூடுதல் கட்டணமின்றி உயர் வகுப்பு இருக்கை பெறுவர். பெட்டிகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. விமானம் தவறினால் அவர்களுக்கே முதலில் மாற்றுவழி செய்யப்படும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 24,900 மைல். ஆகவே முதற்படி என்பது ஓராண்டில் உலகை ஒருமுறை சுற்றிவந்ததற்கு ஒப்பாகும். 1519-இல் மெகல்லனின் தலைமையில் ஐந்து கப்பல்களில் புறப்பட்டோருள், 1522-இல் ஒரே கப்பலில் உலகைச் சுற்றி மீண்டவர் 18 பேர் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். அத்தொலைவு ஓய்வுக்கூட அனுமதிச் சீட்டுக்கும் பெட்டிச் சலுகைக்கும் அளவுகோலாயிற்று!

இப்படிநிலைக்கு ஒரு தன்மை உண்டு. அது சேமிப்புப் போல் நிலைத்து நிற்பதன்று. டிசம்பர் 31 நள்ளிரவில் கணக்கு மீண்டும் சுழியமாகிவிடும். அவ்வாண்டில் உரிய மைல்களைச் சேர்க்காதவர் அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களோடு தம் தகுதியை இழப்பார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் 2,475 மைல். அலுவலின் பொருட்டு ஒருவர் ஆண்டில் ஐந்து முறை போய் வருகிறார் என்று கொள்வோம். பத்துப் பயணம், 24,750 மைல். முதற்படிக்கு இன்னும் 250 மைல் குறைகிறது. டிசம்பர் மாதம் இருபதாம் நாள் அவர் என்ன செய்வார்? ஓராண்டு உழைத்துப் பெற்றது 250 மைலால் நழுவுவதா என்று எண்ணுவார். மலிவான சீட்டொன்றை வாங்கி, எங்கேனும் ஓர் ஊருக்குப் பறந்து, அன்றே திரும்பிவிடுவார். பெறாத பொருளை விரும்புவதைக் காட்டிலும், பெற்றதை இழக்க அஞ்சுவதே மனிதரிடம் வலிமை மிக்கது. விமான நிறுவனத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

நான் தலைமையாசிரியராய் இருந்த பள்ளியில், ஆண்டு முழுதும் ஒருநாளும் விடுப்பு எடுக்காத மாணவனுக்கு ஒரு சான்றிதழும் ஒரு நூலும் வழங்கி வந்தோம். மார்ச்சு மாதத்தில் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கடுங்காய்ச்சலோடு வந்து சேர்ந்தான். பெயர் அழைத்தபோது எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்றான். மறுகணமே மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டான். அன்று அவன் பாடம் எதனையும் கேட்கவில்லை. கேட்க வரவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழவேண்டும் என்பதற்காக வந்தான். அவன் தந்தையை அழைத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மைலுக்காகப் பறந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அப்பையனின் முகம் என் நினைவுக்கு வருகிறது.

இதில் தேர்ச்சி பெற்றோர் ஒரு கலையாகவே இதனை வளர்த்தனர். ஒரு மைலுக்கு எத்தனை சென்ட் செலவாகிறது என்பதே அவர்களின் அளவுகோல். 5,000 மைல் பயணத்திற்கு 200 டாலர் எனில், மைலுக்கு 4 சென்ட். நேர்வழியில் செல்வதைக் காட்டிலும் சுற்றுவழியில் இரண்டு மூன்று நிலையங்களில் மாறிச் செல்வதே அவர்களுக்கு ஆதாயம். ஏனெனில் மைல் பெருகும். எவ்வளவு குறுகிய பயணமாயினும் 500 மைல் என்று வரவு வைக்கும் விதியும் சில திட்டங்களில் இருந்தமையால், குறுந்தொலைவு விமானங்கள் பலவற்றில் ஏறி இறங்குவோரும் தோன்றினர். 1987-இல் சிட்டி பாங்க் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்து கடன் அட்டை வெளியிட்டபின், மைல் என்பது கடைத்தெருவிலும் கிடைக்கும் பண்டமாயிற்று. 1999-இல் கலிபோர்னியாவின் பொறியாளர் ஒருவர், உறைகளை அனுப்பினால் மைல் தருவதாக அறிவித்த உணவுக் கம்பெனியின் இனிப்புப் புட்டிங் 12,150 கிண்ணங்களை 3,140 டாலருக்கு வாங்கி, பன்னிரண்டரை இலட்சம் மைல் பெற்றார் என்பது நகைப்போடு சொல்லப்படும் செய்தி. அவரையாவது பாராட்டலாம், அவர் எரிபொருள் எதனையும் எரிக்கவில்லை.

நகைப்புக்குரியதல்லாத பகுதியும் உண்டு. அலுவற் பயணத்தின் செலவை ஏற்பவர் முதலாளி. மைலைப் பெறுபவர் ஊழியர். எனவே மலிந்த விமானம் வேறொன்று இருந்தும், தம் மைல் சேரும் விமானத்தையே ஊழியர் நாடினால், இழப்பு யாருக்கு என்பதை விளக்க வேண்டுவதில்லை. அரசுப் பணியில் இது அறத்தின் வினாவாயிற்று. 2002 ஜூலையில் ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகர அரசில் பொருளாதாரத் துறை ஏற்றிருந்த கிரெகோர் கீசி, அலுவற் பயணத்தில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தியமைக்காகப் பதவி விலகினார். அதே 2002-இல் நார்வே நாடு உள்நாட்டு விமானங்களில் மைல் சேர்ப்பதையே தடைசெய்தது; புதிய நிறுவனம் எதுவும் போட்டிக்கு வரவொட்டாமல் இத்திட்டங்கள் பயணிகளைக் கட்டிப்போடுகின்றன என்பது அதற்குக் காரணம். அத்தடை 2013 வரை நீடித்தது.

காற்றின் வினா அதன்பின் எழுந்தது. 2019 அக்டோபரில் பிரிட்டனின் பருவநிலை மாற்றக் குழுவிற்காக லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எழுதப்பட்ட அறிக்கையொன்று, தகுதியைக் காக்கும் பொருட்டு மக்கள் தேவையின்றிப் பறப்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய திட்டங்களைத் தடைசெய்யலாம் என்று பரிந்துரைத்தது. விமானம் எப்படியும் புறப்படத்தானே போகிறது, காலி இருக்கையில் ஒருவர் அமர்ந்தால் என்ன குறை என்று சிலர் வாதிடுவர். ஓர் இருக்கையைப் பொறுத்தவரை அவ்வாதம் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டு எத்தனை விமானங்கள் விடுவது என்பதை நிறுவனங்கள் தீர்மானிப்பது நிரம்பிய இருக்கைகளை எண்ணித்தான். அவ்வெண்ணிக்கையில், ஊரை நாடிச் சென்றவர் யார், மைலை நாடிச் சென்றவர் யார் என்ற பாகுபாடு இல்லை.

ஆயினும் இவ்வழக்கத்தைத் தளர்த்தியது அறிக்கையும் அன்று, அறமும் அன்று. நிறுவனங்களின் கணக்கே அதனைத் தளர்த்தியது. 4 சென்ட் விலையில் 25,000 மைல் பறந்து 1,000 டாலர் செலவிட்டவரும், அதே மைலுக்குப் பன்மடங்கு செலவிட்டவரும் ஒரே படியில் நிற்பது அவர்கள் கண்ணை உறுத்திற்று. டெல்ட்டா நிறுவனம் 2014-இல் மைலோடு ஒரு குறைந்த அளவு செலவும் வேண்டும் என்றது; 2024 முதல் செலவிட்ட பணம் ஒன்றையே அளவாகக் கொண்டது. யுனைடெட் 2020-இல் தகுதிக் கணக்கிலிருந்து மைலை நீக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் 1 முதல் செலவிடும் பவுனை ஒட்டிப் புள்ளி வழங்கலாயிற்று. 1978-இல் தொலைவுக்கும் விலைக்கும் இடையே திறந்த இடைவெளியை இவ்வாறு நிறுவனங்களே அடைத்தன.

இதற்கிடையில் 2020-இல் பெருந்தொற்று வந்து விமானங்கள் தரையில் நின்றன. பயணிகளின் தகுதிகளைப் பறவாமலே நீட்டித்துக் கொடுத்தனர். அப்போது அந்நிறுவனங்களிடம் அடகு வைக்கத்தக்க பொருள் எது என்று பார்த்தபோது, விமானங்களைக் காட்டிலும் இம்மைல் திட்டங்களே முன்னின்றன. யுனைடெட் தன் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கன் 2021 மார்ச்சில் 1,000 கோடி டாலர் திரட்டியது. தொலைபேசி எண்களைத் தேடி எடுத்துத் தொடங்கிய பட்டியல் அது.

அந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2022-இல் தன் விதிகளை மீண்டும் மாற்றியது. கடன் அட்டையில் பொருள் வாங்கிச் சேர்க்கும் புள்ளிகளும் தகுதிக்குக் கொள்ளப்பட்டன. ஆகவே அடிக்கடி பறப்போர்க்கு உரியதாக ஏற்பட்ட அப்படிநிலையை, ஒருமுறையேனும் விமானம் ஏறாதவரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே இப்பொழுது பெற்றுவிடலாம்.