புலமைச் சொத்தும் அதன் தவணையும்

நிலமும் மனையும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், மைந்தனிடமிருந்து பெயரனுக்கும் எல்லையின்றிச் செல்வன. அறிவினாற் பிறந்த ஆக்கத்திற்கோ சட்டம் பெரும்பாலும் ஒரு தவணை விதித்தே உரிமை வழங்குகின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை நோக்குவார்க்கு இஃது இனிது புலனாகும். புதுப்புனைவுக்குரிய ஆக்கவுரிமை 20 ஆண்டுகளில் முடிகின்றது. நூலாசிரியரின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் கழிய முடிகின்றது. வணிகரின் வியாபாரக் குறியோ பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு முடிவின்றி நீள வல்லது. ஒரே சட்டத்துள் இத்துணை வேறுபாடு புகுந்தமைக்குக் காரணம் ஐரோப்பிய வரலாற்றிலே உளது.

வெனிசுக் குடியரசு 1474ஆம் ஆண்டிலே, புதிய பொறியொன்றை நகரில் முதன்முதல் அமைத்து அறிவிப்பவருக்குப் பத்தாண்டு உரிமை வழங்கிற்று. அதனை மீறிச் செய்தவர் 100 டுக்காற்றுப் பொன் இறுத்தல் வேண்டும். அவர் செய்த பொறியும் அழிக்கப்படும். இங்கிலாந்திலே தொடக்கம் இவ்வளவு செம்மையாய் அமைந்திலது. எலிசபெத்து அரசியார் சீட்டுக்கட்டு, உப்பு முதலிய பழம்பொருள்களின் வாணிகத்தையுந் தமக்கு வேண்டியவர்க்குத் தனியுரிமையாய் அளித்தனர். மக்கள் வெறுப்பு முதிர்ந்தது. 1624இற் பாராளுமன்றம் தனியுரிமைகளை விலக்கி, புதிதாய்க் கண்டோர்க்கு மட்டும் 14 ஆண்டுகள் விட்டு வைத்தது. தொழில் பயிலும் இளைஞர் ஆசானிடம் இருக்கும் காலம் ஏழாண்டு. அதன் இருமடங்கே இத்தவணை.

அத்தவணை வளைக்கப்பட்டவிடத்து என்ன நிகழும் என்பதற்கு ஜேம்ஸ் வாட்டின் வரலாறு சான்று. நீராவியைத் தனிக்கலத்திற் குளிரச்செய்து எரிபொருளை மிச்சப்படுத்தும் முறைக்கு அவர் 1769இல் ஆக்கவுரிமை பெற்றார். பொறி சந்தைக்கு வருமுன்னரே ஆண்டுகள் கழிந்தன. ஆதலின் 1775இற் பாராளுமன்றம் தனிச்சட்டத்தால் அவ்வுரிமையை 1800 வரை நீட்டிற்று. வாட்டும் அவர் பங்காளர் போல்ற்றனும் போட்டியாளரை வழக்கு மன்றுக்கு இழுத்தனர். இருகலப் பொறி அமைத்த ஹோண்புளோவர் 1799இல் தோற்றார். வேடிக்கை யாதெனின், சுழற்சி இயக்கத்திற்கு எளிய வளைதண்டைக் கையாள வாட்டினால் இயலவில்லை. அதற்கு 1780இற் பிக்காட் என்பார் உரிமை பெற்றிருந்தார். வாட் பற்சக்கரங்களைக் கொண்ட சுற்றுவழி ஒன்றை நாட வேண்டியதாயிற்று. 1800இல் அவர் உரிமை முடிந்தபின்னரே திரெவிதிக்கின் உயரழுத்தப் பொறிகள் பரவின. தவணை குறுகியிருப்பின் அவை முன்னரே பரவியிருக்குமோ என்பது வரலாற்றாசிரியரிடையே தீராத வழக்கு. எனினும், முதற் பதினான்காண்டுகளும் வாட்டுக்கு நியாயமாய் உரியன; நீட்டிக் கொடுத்தவை அத்துணை நியாயமுடையன அல்ல.

நூல்களின் வழக்கு இதனினும் கடுமையானது. இலண்டன் புத்தக வணிகர் குழு 1557ஆம் ஆண்டு அரச பட்டயத்தின் பின் அச்சுத்தொழிலை நெடுங்காலம் தன் கைக்குள் வைத்திருந்தது. ஆன் அரசியார் காலத்து 1710ஆம் ஆண்டுச் சட்டமே உரிமையை முதலில் ஆசிரியர்க்கு உரியதென்றது. தவணை 14 ஆண்டு. ஆசிரியர் உயிருடனிருப்பின் மேலும் 14 ஆண்டு. வணிகர் இதற்கு இசையவில்லை. உழவனுக்கு வயல் போல நூல் தமக்கு என்றென்றும் உரியது என வாதித்தனர். தொம்சன் என்னும் கவிஞர் இயற்றிய "பருவங்கள்" என்ற நூல் பற்றிய வழக்கில், 1769இல், மான்ஸ்பீல்ட் பிரபு தலைமையிலான மன்று அவ்வாதத்தை ஏற்றது. தொம்சன் இறந்து அப்பொழுது இருபத்தோராண்டு. சட்டத் தவணையும் முன்னரே கழிந்திருந்தது. பயன் பெற்றோர் வணிகரேயன்றிக் கவிஞரல்லர்.

எடின்பரோ நகரத்து அலெக்சாந்தர் டொனால்ட்சன் அஞ்சினாரல்லர். அதே நூலை அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்றார். உரிமையை ஏலத்தில் வாங்கியிருந்த பெக்கற் முதலானோர் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. கல்வி முழுதும் சில வணிகர் கைக்குள் அடங்கிவிடும் எனக் காம்டன் பிரபு முழங்கினார். 1774 பெப்ரவரி 22ஆம் நாள் சபை டொனால்ட்சன் பக்கம் தீர்த்தது. வெளியான நூலுக்கு முடிவிலா உரிமை இல்லை என்பது அன்று நிலைபெற்றது.

சட்டத்தை நாடாது மறைவை நாடினோரும் உளர். சாக்சனி நாட்டு மைசன் நகரில் 1710இற் பீங்கான் ஆலை தொடங்கியபோது, அதன் செய்முறை கோட்டைக்குள் வைத்துக் காக்கப்பட்டது. பத்தாண்டு கழியுமுன் தொழிலறிந்தார் ஒருவர் வியன்னாவுக்கு ஓட, மறையும் உடன் ஓடியது. ஆயினும் 1720களில் அவ்வாலை தன் கலங்களில் இட்ட குறுக்கு வாட்குறி இன்றும் அதற்கே உரியது. குறி அறிவைப் பூட்டி வைப்பதன்று. பொருள் யாரிடமிருந்து வந்ததென்பதை வாங்குவோர்க்குச் சொல்வது. அதற்குத் தவணை விதித்தால் ஏமாறுவோர் வாங்குவோரே. இங்கிலாந்தில் 1876 சனவரி முதலாம் நாள் முதல் இலக்கமாய்ப் பதியப்பட்ட பாஸ் மதுவாலையின் செம்முக்கோணம் இக்காரணத்தாலேயே நூற்றாண்டு கடந்தும் நிலைத்தது.

இடத்தின் பெயரும் இத்தகைய குறியே; ஆனால் அது தனியொருவர்க்கு உரியதன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் போட்டியிட்ட இலங்கைக் கறுவாவின் பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2022 பெப்ரவரியிற் புவியியற் குறிப்பாய்ப் பதிந்தது. காசியா எனப்படும் வேறினப் பட்டையை அவ்வொன்றியத்துள் அப்பெயரால் விற்றல் இனிக் கூடாது. அப்பதிவுக்கு முடிவாண்டு குறிக்கப்படவில்லை.