ஒன்றா, இரண்டா?

பெங்களூர் வந்த புதிதில் எழுதிய நிரல். என் கணினியில் ஜோராக ஓடியது. மிப்ஸ் சில்லு வைத்த ரவுட்டரில் படுத்துவிட்டது. இரண்டு நாள் தூக்கம் போச்சு. காரணம்? 'சாக்_ஸ்ட்ரீம்' என்ற பெயருக்குப் பதிலாக வெறும் 1 என்று எழுதியிருந்தேன்.

1983-ல் பெர்க்லியில் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ஸ்ட்ரீமுக்கு 1, டேட்டாகிராமுக்கு 2. இன்டெல் சில்லுக்கான லினக்ஸிலும் அதேதான். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸிலோ தலைகீழ். மிப்ஸ் இயந்திரங்களில் முன்பே ஓடிக்கொண்டிருந்த ஐரிக்ஸ் அந்த வழி வந்தது. அதன் பழைய நிரல்களும் ஓடட்டும் என்று, அங்கே போன லினக்ஸும் எண்களை மாற்றிக்கொண்டது. நான் ஸ்ட்ரீம் கேட்டதாக நினைத்தேன், கிடைத்தது டேட்டாகிராம்.

பெயரை எழுதியிருந்தால் அந்தந்தச் சில்லுக்கான எண்ணைத் தலைப்புக் கோப்பே கொடுத்திருக்கும். குடிபோன இடத்து வழக்கத்துக்கு லினக்ஸ் வளைந்து கொடுத்தது. ஊர்விட்டு ஊர் வந்த எனக்குத்தான் அது தோணலை!